சிலேட்டைக் கீழே வைக்க மாட்டேன்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "லைன் சரியில்லப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாய், பக்கத்தில் உன் மனைவி இருந்தாள். இந்தப் பக்கம் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு பேர் கேட்க மகனோடு சண்டை போட எனக்குப் பிடிக்காது. அதோடு, போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "நான் சொல்றதக் கேளும்மா" என்று குறுக்கே வந்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. அதனால்தான் எழுதுகிறேன். ஆபீசில் இருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள். சாப்பிட்டு முடித்து, சாவகாசமாக உட்கார்ந்து படி.

நீ சொன்னதை நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகக் கேட்டேனா என்று. அப்பா ரிட்டயர் ஆகப் போகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துதான் ஆக வேண்டும். டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் என் பேரில் இருக்கிற மனைக்கு நீ ஆள் பார்த்துவிட்டாய். அடுத்த மாதம் லீவு போட்டு வருவாய். ரிஜிஸ்டர் ஆபீசில் நான் கையெழுத்துப் போட வேண்டியது, அப்படியே பெட்டி படுக்கையோடு உன்னோடு பெங்களூருக்குக் கிளம்பிவிட வேண்டியது. கடைசியாக ஒன்று சொன்னாய். "அந்த ரெண்டுங்கெட்டானையும் யார்கிட்டயாவது குடுத்துட்டு வாம்மா. இந்த வயசுல வெயில்ல அலைஞ்சு யாருக்கு என்ன சாதிக்கணும்?" பதில் இதுதான். மனை விற்பனைக்கு இல்லை. நான் பெங்களூரில் குடியேற வரவில்லை. அந்த ரெண்டுங்கெட்டானையும் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. கோபம் வந்தால் வரட்டும், தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

நீ ரெண்டுங்கெட்டான் என்று பேர் வைத்தது அதை வாங்கிய அன்றைக்கு. சென்னையில் ரிச்சி தெருவுக்கு உன்னைத் துணைக்குக் கூட்டிப் போனேன். நீ அப்போது கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை, உன்னிடம்தான் பேசினார். "அம்மாவுக்கா தம்பி? சீட்டாட்டம் போட்டுக் குடுத்துடுறேன், பொழுது போகும்" என்றார். மூலையில் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய மிஷின் ஒன்று கிடந்தது. பார்க்க மடிக்கணினி மாதிரிதான். பக்கத்தில் இருந்த கொக்கியைத் தள்ளினேன், திரை மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. விசைப்பலகை மேஜையிலேயே நின்றது. திரைக்கென்று ஒரு பேனா. அதால் எழுதினால் சிலேட்டில் பலப்பம் போவது மாதிரி கோடு போனது. "அண்ணே, இதுல வீட்டுப் பிளான் ஓடுமா?" என்று கேட்டேன். அவர் திகைத்துப் போய் உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். "லேப்டாப்னா லேப்டாப் வாங்கும்மா. இது அதுவும் இல்ல, இதுவும் இல்ல" என்று நடு ரோட்டில் நின்று சொன்னாய். பஸ்ஸில் நெய்வேலி வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், உன்னிடம் கொடுக்கவில்லை.

எனக்கு எதற்கு அது வேண்டியிருந்தது என்று நீ அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் கல்யாணத்துக்கு முன்பே ஐ.டி.ஐ.யில் கட்டடப் படம் வரையப் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். டவுன்ஷிப்பில் இருக்கிறவர்கள் பாடு ஒரு வேடிக்கை. வேலையில் சேர்ந்ததும் வீடு கொடுத்துவிடுகிறார்கள். சுவர் வெள்ளையடிக்க வேண்டுமா, குழாய் ஒழுகுகிறதா, ஒரு சீட்டு எழுதிப் போட்டால் ஆள் வந்துவிடும். முப்பது வருஷம் வீட்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ரிட்டயர் ஆகிற வருஷம்தான் "ஐயையோ, வீடு" என்று முழிப்பு வரும். உடனே வடக்குத்திலோ மந்தாரக்குப்பம் ஓரத்திலோ முந்திரிக்காட்டை வெட்டிப் போட்ட மனை ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருவார்கள். மைன்ஸில் மலை மாதிரி மிஷினை ஓட்டுகிற மனுஷனுக்கு, ஒரு தாளில் நாலு கோடு போட்டு இது ஹால், இது உள்ரூம் என்றால் தலை சுற்றும். எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டிவிட்டுப் போய், சுவர் இடுப்புயரம் வந்ததும் "என்னங்க இது, கட்டில் போட முடியாது போல இருக்குதே" என்பார்கள். இடித்துக் கட்டியவர்கள் உண்டு.

நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு உன் கம்ப்யூட்டரில்தான் நான் படம் போடக் கற்றுக்கொண்டேன். மந்தாரக்குப்பத்தில் இரண்டு மாதம் கிளாசுக்குப் போனேன், எல்லோரும் என்னை யாரோ பையனை விட வந்த அம்மா என்று நினைத்தார்கள். கோடு நேராக வந்தது, வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் பழைய தொல்லை தீரவில்லை. ஆட்களை வீட்டுக்கு வரவழைத்து உட்கார வைத்தால், திரை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். புருஷன் என் தோள் மேல் எட்டிப் பார்ப்பார். பெண்டாட்டி அந்த நாற்காலிக்குக்கூட வரமாட்டாள், அடுப்படி வாசலில் நின்று "அவரு சொன்னா சரிங்க" என்பாள். யார் வீட்டுக்கு என்ன வேண்டும் என்பது அந்த வாசலில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறக்க வைக்க எனக்கு வழி தெரியாமல் இருந்தது. ரிச்சி தெருவில் அந்தத் திரை கையோடு வந்தபோது எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். இதைத் தரையில் வைக்கலாம். நாலு பேரும் சுற்றி உட்காரலாம்.

அதோடு குடித்தனம் நடத்துவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். அடம்பிடிக்கிற பிறவி அது. வெயிலில் கொண்டுபோனால் திரையில் என் முகம்தான் தெரியும், கோடு தெரியாது, குடை பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடியில் தோசைக்கல் மாதிரி காயும், அதனால் கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு துண்டு. நம் ஊர்க் காற்றில் கரித்தூளும் சாம்பலும் கலந்தே வரும் இல்லையா, அது திரையும் விசைப்பலகையும் சேருகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, மாட்டினால் மாட்டாது. உன் பழைய டூத் பிரஷ்தான் அதற்கு வைத்தியம். மனையில் கரண்ட் ஏது? பேட்டரி இறங்கினால் மந்தாரக்குப்பம் ஜெராக்ஸ் கடைக்குப் போய், அந்தத் தம்பி டீ குடித்துவிட்டு வரும்வரை கடையைப் பார்த்துக்கொண்டு சார்ஜ் ஏற்றிக்கொள்வேன். விரலால் தொட்டால் அது அசையாது, அதன் பேனாவேதான் வேண்டும். ஒருமுறை அந்தப் பேனா மணல் குவியலில் விழுந்துவிட்டது. கொத்தனார், சித்தாள், வீட்டுக்காரர், அவர் மாமியார் எல்லோரும் சேர்ந்து மொத்த மணலையும் சலித்தார்கள். மாமியார் கைக்குத்தான் கிடைத்தது. "இதுக்காடி இந்தப் பாடு? நானு தோடுதான் வுழுந்துடுச்சின்னு நெனச்சேன்" என்றார். அன்றிலிருந்து பேனாவைப் பாவாடை நாடாவால் திரையோடு, அதாவது என் சிலேட்டோடு, கட்டி வைத்திருக்கிறேன். ஊரில் எனக்குச் சிலேட்டு மேடம் என்று பேர். நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொள்.

கிழக்குப் பக்கம் ஒரு மனையில் நடந்ததைக் கேள். மனைக்காரர் உன் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். வேப்பமரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்தோம். திரையை நடுவில் வைத்து, "உங்க மனசுல இருக்கற வீட்ட நீங்களே போடுங்கண்ணே, நான் பிறகு நேராக்கிக்கறேன்" என்று பேனாவை அவரிடம் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். முன்னாடி வராந்தா, ஒரு ஹால், ஒரு உள்ரூம், பின்னாடி மூலையில் இருட்டாக ஓர் அடுப்படி, அதை ஒட்டிக் கக்கூஸ். போட்டு முடித்து நிமிர்ந்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இது நம்ம குவார்ட்டர்சுங்க" என்றார். வீட்டுக்காரர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அதேதான், கதவு திறக்கிற பக்கம்கூட மாறவில்லை. இது அவர் ஒருத்தர் செய்கிற தப்பு இல்லை. நம் டவுன்ஷிப்பில் யார் கையில் பேனாவைக் கொடுத்தாலும் அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸைத்தான் போடுகிறார்கள். தூக்கத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற கால் பழக்கம் கைக்கும் வந்துவிடுகிறது.

அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்! "முப்பது வருசம் அந்த இருட்டு அடுப்படில வெந்துகினு கெடந்தது பத்தாதா? இங்கயும் வந்து வேவணுமா?" என்று பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கினார். பிடுங்கிவிட்டுத் தயங்கினார். "தப்பாப் போனா கெட்டுடுமாங்க?" என்று கேட்டார். "கெடாதுக்கா, அழிச்சிக்கலாம்" என்றேன். தெருப் பக்கம், முன்னாலேயே, ஒரு கட்டம் போட்டார். அதில் ஒரு பெரிய ஜன்னல். "இது அடுப்படி. நானு தெருவப் பாத்துகினு சமைக்கணும். போற வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசணும்." வீட்டுக்காரர் பதறிப்போய், "அடுப்படிய முன்னாடி வச்ச வூடு எங்கனா இருக்குதாடி? ஊரு சிரிக்கும்" என்றார். "சிரிக்கட்டும். சிரிக்கறவங்களுக்கு அந்த ஜன்னல் வழியாவே காபி குடுக்கறேன்." நான் அதை நேராக்கி, அளவு போட்டு, புகை தெருவுக்குப் போகாமல் போக்கு வைத்துக் கொடுத்தேன். வீடு எழும்பிவிட்டது. அந்தத் தெருவில் இப்போது இரண்டு பேர் அதே ஜன்னல் வேண்டும் என்று வந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் அந்த ஜன்னலடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறார், ஊர் சிரித்ததாகத் தெரியவில்லை. உன் லேப்டாப்பை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது தம்பி. அந்த அம்மா கைக்குப் பேனா போயிருக்காது.

இனி கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். உன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி உன்னிடம், "அம்மா என்ன பண்றாங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார். "ஹவுஸ் வைஃப்தான் மாமா" என்றாய். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் நாற்காலிக்கடியில் பையில் சிலேட்டு இருந்தது, அன்று காலைகூட ஒரு மனையைப் பார்த்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டுதான் மண்டபத்துக்கு வந்தேன். உன் காலேஜ் பீஸில் பாதி எந்தக் கையிலிருந்து வந்தது என்று நீ மறக்கவில்லை. எனக்குத் தெரியும். என் மொபெட்டும் குடையும் சிமெண்டுக் காலும் சம்பந்திக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தாய். எனக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. அன்றைக்குச் சபையில் சண்டை வேண்டாம் என்று சிரித்து வைத்தேன். இனி யாராவது கேட்டால், "வீட்டுப் பிளான் போடறாங்க, வடக்குத்துல பாதி தெரு அவங்க போட்டதுதான்" என்று சொல். வாய் வலிக்காது.

நீ என்னைக் கூப்பிடுவது பாசத்தால்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முழுக் காரணத்தையும் நீ சொல்லவில்லை. மருமகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது. அவள் தாய் வீட்டுக்குப் போய்ப் பெற்றுத் திரும்பியதும் வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவள் வேலையை விட வேண்டும் என்று நீ சொல்லவில்லை. அதற்காக உன்னைப் பாராட்டுகிறேன், உன் அப்பாவுக்கு அந்த வயதில் அந்தப் புத்தி இல்லை. ஆனால் அவள் வேலையை விடக் கூடாது என்பதற்காக நான் என் வேலையை விட வேண்டும் என்கிறாயே, இது எந்த ஊர் நியாயம்? அவள் செய்வது உத்தியோகம், நான் செய்வது பொழுதுபோக்கா? நீ எப்போதாவது உன் வேலையை விடுவதைப் பற்றி யோசித்தாயா? கேட்டுப் பார், உன் மனைவி எனக்குத்தான் ஓட்டுப் போடுவாள். போனில் நீ பேசும்போது பின்னால் அவள் "அத்தைய விடுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. லைன் அவ்வளவு நன்றாக இருந்தது.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ கூப்பிட்டதும் அவருக்குப் பாதி உயிர் பெங்களூருக்குப் போய்விட்டது. "நாம எதுக்கு இந்த வயசுல செங்கல்லு மணலுன்னு அல்லாடிகினு? அவன்தான் வான்றானே" என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க முணுமுணுப்பு. வீடு கட்டுவது என்றால் அவருக்குப் பயம். கம்மாபுரத்தில் அவருடைய அப்பா வீடு மைன்ஸுக்காக எடுத்துக்கொண்ட நிலத்தோடு போனது. அதற்குப் பிறகு அவர் இருந்ததெல்லாம் இன்னொருத்தர் கொடுத்த வீட்டில். போன மாதம் சிலேட்டை அவர் கையில் கொடுத்து, நம் வீட்டைப் போடச் சொன்னேன். என்ன போட்டிருப்பார் என்று நினைக்கிறாய்? நம் குவார்ட்டர்ஸ்தான், முருங்கை மரம் உட்பட. ஆனால் அதில் என் மேஜை எங்கே என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார், இந்த வீட்டில் என் மேஜைக்கு எப்போது இடம் இருந்தது? அப்பா நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும்போது அடுப்படி, நீ பரீட்சைக்குப் படிக்கும்போது வராந்தா, விருந்தாளி வந்தால் கட்டிலுக்கடியில். நான் கழற்றி எடுத்துக்கொண்டு போகிற மிஷினைத் தேடி வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

உன் போன் வந்த மறுநாள் காலையில், சர்ச்சில் பூசை முடிந்ததும் நான் நேராக வடக்குத்து மனைக்குப் போனேன். மனசு கொதித்துக்கொண்டிருந்தது. விற்கச் சொன்ன இடத்தில் நின்று, தெருப் பக்கம் என் வேலை ரூமைப் போட ஆரம்பித்தேன். தெருவிலிருந்து நேரே அதற்கு ஒரு வாசல், வீட்டுக்குள்ளிருந்து இன்னொன்று. கோபத்தில் குடையை மறந்துவிட்டேன், திரையில் ஒன்றும் தெரியவில்லை. முதுகுப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் உன் அப்பா, கையில் குடையோடு. விரித்துச் சிலேட்டுக்கு மேல் பிடித்தார், தன் தலை வெயிலில்தான் இருந்தது. "பையன் சொன்னதக் கேட்டீங்கல்ல?" என்றேன். "கேட்டேன், கேட்டேன். வெயிலு ஏறுது, நீ கோட்டப் போடு" என்றார். நான் போட்டேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், பிறகு சொன்னார். "உன் ரூமுக்கு வெளிய ஒரு பெஞ்சு போடணும். வர்றவங்க எங்க குந்துவாங்க?" முப்பது வருஷத்தில் என்னைத் தேடி ஆள் வருகிறது என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. குடை நிழலில் அழுதேன், அவர் பார்க்காதது மாதிரி நின்றார். படத்தில் பெஞ்சையும் போட்டாகிவிட்டது.

ஆகையால் பத்திரம் எழுத லீவு போட்டு வராதே. வாங்குகிறேன் என்று சொன்ன ஆளிடம், அம்மா சம்மதிக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடு. அந்த லீவை வைத்திரு. அஸ்திவாரம் எழும்பினதும் வாசக்கால் வைக்கிற நாளைப் பங்குச் சாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன், அதற்கு வா. உனக்கும் ஒரு ரூம் போட்டிருக்கிறேன், மாடிக்குப் போகிற படியை ஒட்டி. அது சின்னது என்றால் வரும்போது பேனாவை வாங்கி நீயே பெரிதாக்கிக்கொள். என் ரூம் சுவரை மட்டும் தொடாதே.

பேரப்பிள்ளையைப் பார்க்க வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. மருமகள் தாய் வீட்டிலிருந்து திரும்புகிற வாரம் நானே டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவேன். ஒரு மாதம் இருப்பேன், குழந்தையைக் குளிப்பாட்டுவேன், உனக்குக் கருவாட்டுக் குழம்பு வைப்பேன். அதற்குள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆளை நீயும் அவளும் தேடி வையுங்கள். குழந்தை தூங்குகிற நேரத்தில் உன் பால்கனியில் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பேன், அதனால் சிலேட்டும் கூட வரும். சிலேட்டு மட்டும்தான் வரும். விசைப்பலகை வடக்குத்தில், அதற்குள் எழும்பியிருக்கிற என் ரூமில், என் மேஜை மேல் இருக்கும். ஒரு மாதம் கழித்து நான் திரும்பி வந்து அதில்தான் மாட்டுவேன்.

அன்புடன்,
அம்மா